பதினைந்தாவதாக வந்து உட்கார்ந்தவள்

நான் பத்தாம் வகுப்பு தேறிய வருடம், ஜூன் மாதத்தின் தொடக்கம். மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளி. ப்ளஸ் ஒன் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியை அறை வாசலில் வரிசை நின்றது. மார்க் ஷீட்டை ஃபைலில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும் நின்றேன். பக்கத்தில் என் அம்மா. நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவர். அன்றைக்கு வியாபாரத்தை அத்தையிடம் விட்டுவிட்டு, இரண்டு தரம் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்திருந்தார். அப்படியும் முன்னால் நின்ற ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் தொட்டுக்கொண்டார். நான் முறைத்த முறைப்பில் கையை இறக்கிவிட்டார்.

எங்கள் பள்ளியில் எந்த குரூப் என்பதை வைத்தே ஒருத்தியின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார்கள். நிறைய மார்க் எடுத்தவளுக்கு சயின்ஸ். கொஞ்சம் குறைந்தால் காமர்ஸ். அதுவும் கிடைக்காதவர்களை வரிசையின் வாலில் நிறுத்திவைத்து, சாயங்காலமாகக் கூப்பிட்டு, வரலாறு குரூப்பில் போடுவார்கள். ‘ஹிஸ்டரியா?’ என்று யாராவது கேட்டால் அதிலேயே ‘அய்யோ பாவம்’ என்பதும் சேர்ந்து கேட்கும்.

எனக்கு வந்திருந்தது நல்ல மார்க். காமர்ஸ் தாராளமாகக் கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு வேண்டியது வரலாறு. ஏன் என்று கேட்டால் பெரிய விளக்கம் எல்லாம் அப்போது என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் ‘ஏன்?’ என்று கேட்டால் தலையில் ஒரு குட்டு விழும். ‘ஏன் நாம மட்டும் ரோட்ல குந்தி விக்கணும்?’, ‘ஏன் கடற்கரையை அழகு பண்ணும்போதெல்லாம் நம்ம வலையை எடுக்கச் சொல்றாங்க?’ எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், குட்டு. வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் ‘காரணங்கள்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அதற்குக் கீழே வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு போர் என்றால் அதற்குக் காரணம் உண்டு, ஒரு ராஜா தோற்றால் அதற்கும் காரணம் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று குட்டாமல் சொன்ன ஒரே பாடம் அதுதான். அதனால் பிடித்துப்போய்விட்டது.

தலைமையாசிரியை என் மார்க்கைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, “காமர்ஸ் போட்டுடவா?” என்றார். நான் வரலாறு என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இந்த வருஷம் ஹிஸ்டரி குரூப் எடுக்கறதா இல்லம்மா. உன்னையும் சேர்த்து நாலு பேர்தான் கேட்டிருக்கீங்க. நாலு பேருக்காக ஒரு க்ளாஸ் நடத்த முடியுமா?”

“எத்தன பேர் இருந்தா எடுப்பீங்க மிஸ்?”

“பதினஞ்சு பேராவது வேணும். நீ போய்க் கூட்டிட்டு வர்றியா?” என்று சிரித்தார். கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. அது பிறவிக் குணம்.

“கூட்டிட்டு வர்றேன் மிஸ்” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வருகிற திங்கட்கிழமை மதியத்தோடு சேர்க்கை முடிகிறது, அதற்குள் ஆள் சேராவிட்டால் காமர்ஸில் பேசாமல் உட்கார வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். 

வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தார். கச்சேரி ரோடு முழுக்கத் திட்டு.

“அந்தம்மா காமர்ஸ் குடுக்கறேன்னு வாயத் தொறந்து சொல்லுது. நீ இன்னாடின்னா ராஜா கதைய புடிச்சிகினு தொங்கற. உன் கூடப் படிச்சாளே மந்தைவெளிக்காரி, அவளப் பாரு. பத்தாவது முடிச்ச கையோட தி.நகர்ல ஜவுளிக்கடைல பூந்துட்டா. ஏசில வேல. புடவை கட்டிகினு ஜம்முனு போறா.”

மந்தைவெளிக்காரி எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவள். இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் தொலைத்துவிடுவேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் சுமாராகப் படிப்பாள், ரொம்பப் பேச மாட்டாள். பரீட்சை முடிந்த மறு வாரமே அவளுடைய மாமா ஒருவர் ரங்கநாதன் தெருவில் பெரிய கடையொன்றில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பெயரைச் சொல்லித்தான் எனக்கு வீட்டில் அர்ச்சனை.

ஆள் பிடிக்கும் வேலையை அன்று சாயங்காலமே தொடங்கினேன். முதலில் மாட்டியவள் ராயப்பேட்டைக்காரி. அப்பா தையல்காரர், வீட்டில் உருது பேசுவார்கள். அவளுக்குக் காமர்ஸ் கிடைத்துவிட்டது. அதை விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். “நீ இல்லாத க்ளாஸ்ல நான் யார்கிட்டடி பேசுவேன்?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் ‘அம்மி’ என்று கூப்பிடும் அவள் அம்மா மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் ஷர்பத் மட்டும் வந்துவிடும்.

பிறகு நாங்கள் இருவருமாக வெயிலில் அலைந்தோம். மார்க் குறைந்து எந்த குரூப்பும் கிடைக்காதவர்கள், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், எங்கள் பள்ளி, பக்கத்துப் பள்ளி என்று யாரையும் விடவில்லை. எனக்குத் தெரிந்த வியாபாரம் ஒன்றுதான். அம்மா ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிடுவார். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். அம்மா கவலையே படாமல் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ‘வாங்க வேணாம், சும்மா பாத்துட்டுப் போ’ என்பார். நானும் வாசல் வாசலாக, “சேர வேணாம் ஆன்ட்டி, சும்மா ஃபார்ம் மட்டும் வாங்கிப் பாருங்க” என்றே ஆரம்பித்தேன். ராயப்பேட்டைக்காரி பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

சில வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். ஹிஸ்டரி படித்தால் கலெக்டர் ஆகலாமா என்று ஒருவர் கேட்டார். ஆகலாம் என்றேன். அப்படியானால் நீ எப்போது ஆவாய் என்றார். இதற்கெல்லாம் நான் அசரவில்லை. என்னை வாயடைக்க வைத்தவர் அடையாறில் ஒரு ஆட்டோ ஓட்டுபவர்தான். மகளைக் கேட்டுப் போயிருந்தோம். வண்டியைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கோபமே இல்லாமல் கேட்டார்:

“எல்லாம் செரிம்மா. செத்துப்போனவங்களப் பத்திப் படிச்சி இன்னா ஆவப் போவுது?”

எனக்கு எதற்கும் பதில் இருக்கும். இதற்கு இல்லை. ‘காரணங்கள் இருக்கும் அங்கிள்’ என்று சொல்லலாமா என்று பார்த்தேன், எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. பேசாமல் வந்துவிட்டேன். அவருடைய மகள், வேறு குரூப் எதுவும் கிடைக்காததால், மறுநாள் தானாகவே ஃபார்ம் வாங்கிக்கொண்டு போனாள். ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் செருப்பில் நுழைந்த கல் மாதிரி என்னோடு வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை இருட்டுவதற்குள் பதினாலு பேர் ஆகிவிட்டோம். பதினைந்தாவதுக்கு ஆள் இல்லை. தட்டாத கதவே மிச்சமில்லை. ராயப்பேட்டைக்காரிதான் மெதுவாகச் சொன்னாள், மந்தைவெளிக்காரியைக் கேட்டால் என்ன என்று.

ஏசியில் வேலை பார்க்கிறவள் எப்படி வருவாள்? இருந்தாலும் கேட்காமல் விடுவதாக இல்லை. அவள் வீட்டுக்குப் போனால் ஆளே இருக்க மாட்டாள். காலையில் போனால் ராத்திரிதான் வருவாள், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. கடைக்குப் போனால்தான் பிடிக்க முடியும். கடையில் வேலை நேரத்தில் தோழிகளோடு பேசவிட மாட்டார்கள். வாங்க வந்தவர்களோடு மட்டும்தான் பேசலாம். எங்கள் இருவரையும் பார்த்தால் புடவை வாங்க வந்த பார்ட்டி என்று எந்த மடையனும் நம்ப மாட்டான். 

ஆக அம்மா வேண்டும்.

யூனிஃபார்ம் துணி எப்படியும் வாங்க வேண்டும், அப்படியே அவளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவைக் கிளப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போகும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வருகிற கூட்டமும் நாங்களும் மோதி, எப்படியோ அந்தக் கடைக்குள் போய் விழுந்தோம். கீழே முழுக்க யூனிஃபார்ம், புத்தகப்பை, ஷூ, அழுகிற குழந்தைகள். அவள் இருந்தது இரண்டாவது மாடி, புடவைப் பிரிவு.

மெரூன் நிறத்தில் கடைப் புடவை, இழுத்துப் போட்ட கொண்டை. பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவளும் எங்களைப் பார்த்து ஒரு கணம் கண்ணை விரித்தாள், அவ்வளவுதான். “வாங்கம்மா, என்ன மாதிரி பாக்கறீங்க?” என்றாள், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பது போல. பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா நாடகத்தைப் புரிந்துகொண்டார். “நல்லதா காட்டும்மா” என்றார். அவள் ஒரு புடவையை எடுத்து விசிறிப் பிரித்தாள். அது எங்களுக்கு நடுவே இறங்குவதற்குள் நான் குனிந்து, “ஹிஸ்டரி குரூப்புக்கு ஒரு ஆள் கொறையுதுடி. நாளைக்கு மத்தியானம் கடைசி” என்றேன்.

“இது முந்தானைல ஜரிகை வரும்மா” என்றாள் அவள். பிறகு உதடு அசையாமல், “லூஸாடி நீ?”

“வேற கலர் காட்டச் சொல்லும்மா” என்றேன் நான்.

இப்படியே போயிற்று. ஒரு புடவைக்கு ஒரு வாக்கியம். நீலத்துக்கு நான், பச்சைக்கு அவள். வீட்டில் விட மாட்டார்கள் என்று ஒரு பூப்போட்டதில் சொன்னாள். வந்து கேட்கிறேன் என்று நான் கட்டம் போட்டதில் சொன்னேன். புடவை மலையாகக் குவிந்துவிட்டது. சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அம்மாவோ நாங்கள் வந்த காரியத்தை மறந்துவிட்டு, உண்மையாகவே ஒவ்வொன்றையும் கசக்கிப் பார்த்து, சூப்பர்வைசரிடம் விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். விலை ஒட்டின கடையில்! 

அப்போதுதான் கவனித்தேன். அவள் பேசும்போது ஒரு காலைத் தூக்கி, மற்ற காலின் மேல் தேய்த்துக்கொண்டாள். கொக்கு மாதிரி மாற்றி மாற்றி நின்றாள். அந்த மாடி முழுக்க எத்தனையோ பெண்கள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர்களுக்கு ஸ்டூல் இருந்தது. விற்கிறவர்களுக்கு எதுவுமே இல்லை. புடவை அடுக்கில் லேசாகச் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் விரலைச் சொடுக்குவார்.

அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். 

“இன்னாம்மா, குந்தவே மாட்டீங்களா?” என்று கேட்டார்.

“சாப்பிடும்போது குந்தலாம் ஆன்ட்டி. மத்த நேரம் பாத்ரூம்ல போயி, பக்கெட்ட கவுத்துப் போட்டு ரெண்டு நிமிஷம்.” சொல்லிவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தாள். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை.

அம்மா கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார். பிறகு அவராகவே குனிந்து, நான் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“நாளிக்கு வந்துரும்மா. உங்கம்மாகிட்ட நான் பேசறேன்.”

திரும்பிப் போக எழுந்தோம். அம்மாவுக்குக் கால் நகரவில்லை. மீனைப் புரட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்து, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவார். இப்போது அந்தப் பாவத்தை அவரே செய்திருந்தார். “கலைச்சிட்டு சும்மா போனா அந்தப் பொண்ணுக்கு ஏச்சு உழும்” என்று குவியலில் கிடந்ததிலேயே மலிவான ஒன்றை எடுத்துக்கொண்டார். யூனிஃபார்ம் துணிக்கென்று கொண்டுவந்தது அதில் போய்விட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “நான் வெயில்ல குந்திகினு விக்கறேன். அவ ஏசில நின்னுகினு விக்கறா. இது தெரியாம உன்ன வேற பேசிட்டேன்” என்றார்.

அன்று இரவு அம்மா மந்தைவெளிக்குப் போய்வந்தார். அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. ‘பாக்கலாம்னு சொல்லிகிது’ என்று மட்டும் அம்மா சொன்னார்.

திங்கட்கிழமை பதினாலு பேரும் தலைமையாசிரியை அறை வாசலில் காத்திருந்தோம். மதியம் நெருங்கிவிட்டது. ப்யூன் அக்கா வந்து, மேடம் கிளம்பப் போகிறார் என்றார். எங்களில் இரண்டு பேர், சரி காமர்ஸாவது கேட்போம் என்று முனகத் தொடங்கினார்கள். “யாராவது இங்கேருந்து நகந்தீங்க, அவ்ளோதான்” என்று கத்தினேன். என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது கேட்டைத் தாண்டி மெரூன் புடவை ஒன்று ஓடி வந்தது. கடைக்குப் போய், வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க அவள் அம்மா. அவள் வராந்தாவில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கூப்பிடுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியை எங்களை எண்ணினார். சந்தேகத்தோடு இன்னொரு முறை எண்ணினார். வாக்கு வாக்குதான் என்று எல்லா ஃபார்மிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கொக்கியும் வைத்தார். ஜூலை கடைசிவரை ஒருத்திகூடக் குறையக் கூடாது. குறைந்தால் அன்றைக்கே குரூப்பைக் கலைத்து வேறு வகுப்பில் போட்டுவிடுவேன் என்றார்.

எங்களுக்குக் கொடுத்தது மாடிக் கோடியில், விளையாட்டுச் சாமான் போடும் அறைக்குப் பக்கத்து அறை. இன்டர்வெலில் மற்ற குரூப் பெண்கள் ‘பழைய சாமான் ரூம்’ என்பார்கள். நான் சண்டைக்குப் போவேன். ராயப்பேட்டைக்காரி என்னை இழுத்துக்கொண்டு வருவாள். 

வரலாற்று மிஸ் நன்றாகப் பாடம் நடத்துவார். ஆனால் கண்டிப்பு. காலையில் வந்ததும் முந்தைய நாள் பாடத்தில் கேள்வி கேட்பார். தெரியாதவள் எழுந்து நிற்க வேண்டும், மணி அடிக்கிறவரை. எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் யாருக்கும் அது ஒரு தண்டனையாகவே தோன்றியதில்லை.

ஜூலை நடுவில் ஒரு நாள். சிந்துவெளி நாகரிகம் வீழ்ந்ததற்கான காரணங்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். வரிசையாக மூன்று பேர் முழித்தார்கள், எழுந்து நின்றார்கள். நாலாவது மந்தைவெளிக்காரி. அவளுக்கும் தெரியவில்லை.

“நில்லு” என்றார் மிஸ்.

அவள் நிற்கவில்லை. 

“எழுதிட்டு வர்றேன் மிஸ். பத்து வாட்டி வேணாலும் எழுதறேன். நிக்க மட்டும் சொல்லாதீங்க.”

“என்னது?”

“நிக்க மாட்டேன் மிஸ்.”

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் அவள் மீது இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுந்து நின்று தொலையேன்டி! இவளை வெளியே அனுப்பினால், தலைமையாசிரியையிடம் போனால், இவளும் சரிதான் போ என்று கடைக்கே திரும்பிவிட்டால், பதினாலு. பதினாலு என்றால் குரூப் இல்லை. ஒரு வாரம் வெயிலில் அலைந்ததெல்லாம் ஒரு நிமிஷத் திமிரில் போகப் போகிறது என்று நினைத்தேன். யாரும் கேட்காமலேயே எழுந்து, “மிஸ், அவள வெளிய அனுப்பாதீங்க மிஸ், அவ போனா பதினாலுதான்” என்று உளறினேன்.

“உன்னை யாருடி கேட்டா? உக்காரு” என்றார் மிஸ். பிறகு அவளிடம் போனார். முகம் சிவந்திருந்தது. “நிக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? காரணம் சொல்லு.”

அவள் அழவில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். கடையைப் பற்றிச் சொன்னாள். காலையிலிருந்து ராத்திரிவரை நின்றதை, சாய்ந்தால் விரல் சொடுக்குவதை, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டை. ராத்திரி வீட்டுக்கு வந்தால் கால் செருப்புக்குள்ளிருந்து வெளியே வராதாம், அவ்வளவு வீங்கியிருக்குமாம்.

“எனக்கு ஹிஸ்டரின்னா இன்னான்னே தெரியாது மிஸ். ஸ்கூல்னா குந்தலாம்னுதான் வந்தேன். எங்கம்மா அதுக்காக இன்னொரு வீட்டுல வேலைக்குப் போவுது. இங்கயும் நிக்கறதுன்னா, அதுக்கு நான் கடையிலயே நின்னுருப்பேன்.”

மூன்று பேர் இன்னமும் நின்றுகொண்டிருந்தார்கள். மிஸ் அவர்களைத் திரும்பிப் பார்த்து, “நீங்க உக்காருங்க” என்றார். அதன் பிறகு மேஜைக்கு அடியில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். அவர் வகுப்பில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

“எனக்கும் முட்டி வலிதான். உக்காந்தா கொறை பேசுவாங்கன்னு இத்தனை வருஷமா நின்னுட்டிருக்கேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு குரல் பழையபடி ஏறியது. “பத்து வாட்டின்னு நீதான சொன்ன? நாளைக்குக் கொண்டுவா.”

அவள் பத்து முறை எழுதிக்கொண்டு வந்தாள். உட்தலைப்பு போட்டு, அடிக்கோடு போட்டு, கையெழுத்து முத்து முத்தாக. மிஸ் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு வருடமும் எங்கள் வகுப்பில் யாரையும் நிற்கவைக்கவும் இல்லை. ஜூலை முடிந்தது. எண்ணிப் பார்த்தார்கள். பதினைந்து.

ப்ளஸ் டூவில் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடிய பாடம் வந்தது. மிஸ் காரணங்களை எல்லாம் பலகையில் எழுதி முடித்தார். நாங்கள் மும்முரமாகக் காப்பி செய்துகொண்டிருந்தோம். மந்தைவெளிக்காரி கையைத் தூக்கினாள்.

“அவங்களுக்கு வேலை செய்யற எடத்துல உக்கார ஏதாவது இருந்துச்சா மிஸ்?”

மிஸ் புத்தகத்தைப் புரட்டினார். “அது போடலம்மா” என்றார்.

“யாரும் கேட்டிருக்க மாட்டாங்க மிஸ்” என்றாள் அவள், சாதாரணமாக. 

மிஸ் சாக்பீஸை எடுத்தார். பலகையில் கடைசிக் காரணத்துக்குக் கீழே ஒரு எண் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார். பரீட்சைக்கு இது வராது, ஆனால் நோட்டில் இருக்கட்டும் என்றார். நான் வரலாறு படிக்க ஆரம்பித்தது உண்மையில் அன்றைக்குத்தான் என்று சொல்லலாம். அதுவரை புத்தகத்தில் இருந்த காரணங்களை மட்டும்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பதினைந்து பேரும் தேறினோம். அம்மா அந்த மலிவுப் புடவையைக் கட்டிக்கொண்டு ரிசல்ட் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். இந்த முறை நான் யாரையும் முறைக்க வேண்டியிருக்கவில்லை. யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று பார்க்க நேரமே இல்லாமல் நாங்கள் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. அன்றைக்கு போன் அடித்தது. மந்தைவெளிக்காரிதான். “ஏய், அந்தக் காலியா உட்ட நம்பர் ஞாபகம் இருக்குதா?” என்றாள். அவள் இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சக்கரம் வைத்த நாற்காலி. அதில் ஒரு சுற்றுச் சுற்றி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். அடுத்த முறை தி.நகர் போனபோது அந்தக் கடையின் இரண்டாவது மாடிக்குப் போய்ப் பார்த்தேன். புடவை அடுக்குக்குப் பின்னால் சின்னதாக ஸ்டூல்கள் கிடந்தன. ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “நீ உக்காரும்மா, நான் சும்மா பாக்க வந்தேன்” என்றேன். பார்த்துவிட்டு, அம்மாவின் வழக்கத்தை விடாமல், ஒரு கைக்குட்டையாவது வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

நான் பெருங்குடியில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். என் வகுப்பில் பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் யாரும் நிற்பதில்லை. ஒழுங்கு போய்விடும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள், போனால் போகட்டும். செத்துப்போனவர்களைப் பற்றிப் படித்து என்ன ஆகப் போகிறது என்று அந்த ஆட்டோக்கார அப்பா கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு, பலகையில் ‘காரணங்கள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டு, கடைசியில் ஒரு எண்ணை மட்டும் காலியாக விடும்போதெல்லாம், வீங்கின காலோடு ஓடி வந்து எங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுகிறவரைக்கும் எழுந்திருக்காத அந்த மெரூன் புடவைதான் அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் என்று நினைத்துக்கொள்கிறேன்.